பென்சிலில் எழுதிய பிள்ளைகள்

கர்ப்பிணிப் பெண் ஒருத்தி எதிரே வந்தால் அவர் முதலில் தன் விரல்களை மடக்கத் தொடங்குவார். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நான் அவரை முதன்முதலாகக் கண்டபோதும் அதையே செய்துகொண்டிருந்தார். நெடுந்தீவுக்குப் போகும் படகு பிந்தியிருந்தது. அரிசி மூட்டைகள், எரிவாயு உருளைகள், கோழிக்கூடுகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். பக்கத்தில் வயிறு தள்ளிய இளம் பெண் ஒருத்தி.

"எப்ப உனக்கு?"

"ஜனவரிக் கடைசி எண்டவை ரீச்சர்."

வலது கை விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. "முப்பத்தொண்டைத் தாண்டாமல் பார். தாண்டினால் பிள்ளைக்கு ஒரு வருசம் போயிடும்."

"அது என்ரை கையிலையோ ரீச்சர்?"

"உன்ரை கையிலை இல்லைத்தான். சொல்லி வைக்கிறன்."

கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த படகோட்டி சிரித்தான். "ரீச்சர், என்ரை மனுசியையும் கொப்பியிலை போட்டிட்டியளோ?"

"உன்ரை மனுசி வந்து சொன்னால் போடுவன். உன்ரை கதையை நம்பிப் போடேலாது."

நான் அப்போது படிப்பை முடித்துவிட்டு, தீவுப் பகுதிப் பாடசாலைகளின் தரவுகளைக் கணினியில் ஏற்றும் வேலையில் ஒரு கல்வி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சொந்த ஊர் சரவணை. அதுவரை நெடுந்தீவுக்குப் போனதில்லை. அவர் நெடுந்தீவில் ஒரு சிறிய ஆரம்பப் பாடசாலையின் அதிபர் என்பதும், நான் போய்ச் சேர வேண்டிய பாடசாலையே அதுதான் என்பதும் படகு பாதிக் கடலைக் கடந்தபோதுதான் தெரிந்தது. "எப்பிடி ரீச்சர் இருக்கிறியள்?" என்று மரியாதைக்குக் கேட்டேன்.

"பதினொண்டு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் விளக்கினார். யார் எப்போது சுகம் கேட்டாலும் அவர் அன்றைக்குப் பாடசாலையில் இருக்கும் பிள்ளைகளின் தொகையைத்தான் சொல்வார். பதினொன்று என்றால் பரவாயில்லை என்று அர்த்தம். பன்னிரண்டு என்றால் தேநீர் வாங்கித் தருவார்.

அந்தக் கொப்பியை அன்றே பார்த்தேன். தடித்த மட்டையுள்ள பழைய சி.ஆர். கொப்பி. ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு நிரல்கள்: பிள்ளையின் பெயர் அல்லது தாயின் பெயர், வீடு, பிறந்த நாள் அல்லது பிறக்கவிருக்கும் மாதம், சேர்ந்த திகதி. எல்லாம் பென்சிலில். பென்சிலைச் சவர அலகால் ஊசி போலச் சீவி வைத்திருந்தார். அடுத்த ஆறு ஆண்டுகளுக்கு அந்தப் பாடசாலையின் முதலாம் வகுப்பில் யார் யார் இருப்பார்கள் என்பது அந்தப் பக்கங்களில் இருந்தது. சிலர் இன்னும் பிறக்கவே இல்லை.

விதி எளிமையானது. பிள்ளை முதலாம் வகுப்பில் சேரும் ஆண்டின் ஜனவரி முப்பத்தொன்றாம் திகதி ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். விண்ணப்பம் அதற்கு முந்தின ஆண்டின் நடுப்பகுதியிலேயே வர வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இணைக்க வேண்டும். என் கணினி அட்டவணையில் இதை ஒரு வரிச் சூத்திரமாக எழுதியிருந்தேன். வயது போதாவிட்டால் கலம் சிவப்பாகும். அவர் அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உம்மடை மெசின் சிவப்புக் காட்டுறதோட நிண்டிடும். நான் தாய்க்குச் சொல்ல வேணும்."

சொல்லவும் செய்தார். ஒரு வருடம் பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த மகனைக் கூட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். ஊரில் செல்வாக்கானவர்.

"ஒரு நாள்தானே ரீச்சர்."

"ஓம், ஒரு நாள்தான். நாளைக்கு ரெண்டாம் திகதிப் பிள்ளையைக் கொண்டு ஒராள் வருவார். அதுக்கும் இதுக்கும் ஒரு நாள்தான். பிறகு மூண்டாம் திகதி. நான் எங்க போய் நிக்கிறது?"

வந்தவர் கோபத்தோடு போனார். அடுத்த வருடம் அந்தப் பிள்ளை அங்கே வரவில்லை. வேறு பாடசாலையில் சேர்த்துவிட்டார்கள். கொப்பியில் அந்தப் பெயருக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கோடு விழுந்தது.

அப்படிப்பட்ட கோடுகள் நிறைய. வவுனியாவுக்குப் போனவர்கள், யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு வீடு எடுத்தவர்கள், கனடாவுக்குப் போன ஒரு முழுக் குடும்பம். வைத்தியத்துக்கும் படிப்புக்கும் கடலைக் கடக்க வேண்டிய ஊரில் இளம் குடும்பங்கள் நிற்பதில்லை. இறங்குதுறையில் கட்டில், அலுமாரியோடு யாராவது நின்றால் அவர் சாமான்களைப் பார்க்க மாட்டார். "ரெண்டைக் கொண்டு போறாய்" என்பார் அந்தத் தாயிடம். திட்டுவது போலத்தான் இருக்கும். பிறகு தன் பையில் இருந்து பிஸ்கற் எடுத்து அந்த இரண்டுக்கும் கொடுப்பார்.

கொப்பியைப் புரட்டியபோது ஒரு விடயம் என் கண்ணில் பட்டது. பட்டியல்களில் பழகிய கண் அது. ஓர் ஆண்டின் பக்கத்தில் ஒரு நிரை வெட்டப்படவில்லை, ஆனால் நான்காவது நிரலில் சேர்ந்த திகதியும் இல்லை.

"ரீச்சர், இந்தப் பிள்ளை எங்க?"

"அது ரெண்டு வயசிலை காய்ச்சலோட போயிட்டுது. அண்டைக்குக் கடல் சரியில்லை, படகு ஓடேல்லை."

"அப்ப ஏன் வெட்டேல்லை?"

அவர் பென்சில் சீவுவதை நிறுத்தினார். "இடம் மாறிப் போன பிள்ளைக்கு வேறை பள்ளிக்கூடத்திலை பேர் இருக்கும். அதாலை வெட்டுறன். இதுக்கு வேறை ஒரு இடத்திலையும் பேர் இல்லைத்தானே."

தரவு ஒழுங்கின்படி அது பிழை. நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் அவருடைய தொகை எட்டுக்கு இறங்கியது. அந்த வருடம் முதலாம் வகுப்பில் ஒருவரும் சேரவில்லை. மேலிடத்தில் இருந்து கடிதம் வந்தது. அடுத்த வருடமும் முதலாம் வகுப்புக்குப் பிள்ளை சேராவிட்டால் பாடசாலையை மூடி, இருக்கும் பிள்ளைகளை நான்கு கிலோமீற்றர் தள்ளி உள்ள பாடசாலையோடு சேர்ப்பது என்று அதில் எழுதியிருந்தது. கடிதத்தை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

அவர் வாசித்துவிட்டுக் கொப்பியை எடுத்தார். "அடுத்த வருசம் ஒராள் இருக்கிறா."

பெயர் அபிநயா. அபி என்பார்கள். பாடசாலைக்குப் பின்வளவில் வீடு. தகப்பன் மாடு வளர்ப்பவர், தாய் யசோதா. பிறந்த நாள் நிரலில் ஒரே ஒரு சொல் இருந்தது: தைப்பூசம்.

அபி தைப்பூசத்தன்று பிறந்தவள். அந்த வீட்டில் ஒருவரும் அவளைத் திகதி சொல்லிக் குறிப்பிட்டதில்லை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் யசோதா சர்க்கரைப் பொங்கல் பொங்கி, மூடிய சட்டியோடு பாடசாலைக்குக் கொண்டுவருவாள். "என்ரை தைப்பூசத்துப் பிள்ளைக்குப் பிறந்த நாள் ரீச்சர்." அபி பிறந்த மாதத்தில் அதிபர் ஊரில் இல்லை. தன் தாயின் சாவீட்டுக்கும் அதற்குப் பிறகான காரியங்களுக்குமாகப் பிறந்த ஊரான இறுப்பிட்டியில் இருந்தார். திரும்பி வந்தபோது குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. தைப்பூசம் என்றார்கள். தைப்பூசம் என்று எழுதினார். பிறகு பொங்கல் வந்த வருடங்களில் பெரும்பாலும் அது ஜனவரியிலேயே வந்தது. ஒரு வருடம் பெப்ரவரிக்குத் தள்ளிப் போனால் கோயில் நாள்தானே தள்ளிப் போனது, பிள்ளையின் வயது தள்ளிப் போகவில்லையே என்று இருந்திருக்கிறார்கள்.

ஜூன் மாதத்தில் அபியின் விண்ணப்பம் அலுவலகத்துக்கு வந்தது. சான்றிதழ் இணைக்கப்படவில்லை. அவள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். பதிவும் அங்கேதான். பிரதி எடுக்க வேண்டுமென்றால் ஒரு படகு, ஒரு பஸ், ஒரு முழு நாள். தகப்பன் போகிறேன் போகிறேன் என்று மாட்டைச் சொன்னார், காற்றைச் சொன்னார். விண்ணப்பத்தின் ஓரத்தில் அதிபர் பென்சிலால் எழுதியிருந்தார்: "சான்றிதழ் பின்னர் வரும்." அவருடைய கையெழுத்தில் அப்படி ஒரு வரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஜனவரியில், பிள்ளைகளை முதலாம் வகுப்புக்கு வரவேற்கும் கால்கோள் விழாவுக்கு முதல் நாள், அபியின் தகப்பன் யாழ்ப்பாணத்தில் இருந்து திரும்பும் வழியில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து பிரதியை என் மேசையில் வைத்தார். தாமதமாகிவிட்டதற்கு இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டார். பையில் புதுச் சப்பாத்து ஒரு சோடி இருந்தது. காட்டினார். அவர் போன பிறகு திகதியைத் தட்டினேன். பெப்ரவரி ஏழு.

கலம் சிவப்பாகியது.

சான்றிதழை மூன்று தரம் பார்த்தேன். நாட்காட்டியில் அந்த வருடத்துத் தைப்பூசத்தைத் தேடிப் பார்த்தேன். சரியாகவே இருந்தது. பிறகு தொலைபேசி எடுத்தேன்.

"ரீச்சர், அபியின்ரை சான்றிதழ் வந்திட்டுது."

"சொல்லும்."

"பெப்ரவரி ஏழு போட்டிருக்கு ரீச்சர். ஏழு நாள் போதாது."

காற்றுச் சத்தமும் எங்கேயோ பலகையில் ஆணி அடிக்கும் சத்தமும் கேட்டன. விழாவுக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

"நீர் சான்றிதழைக் கண்ணாலை பாத்தனீரோ?"

"ஓம் ரீச்சர். என்ரை கையிலை இருக்கு."

நான் காத்திருந்தேன். அவர் ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். 'பிள்ளை, ஒருக்கால் பாரும்' என்று கேட்டிருந்தால் போதும். அப்படிக் கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பிரதியை அதுவரை வேறு யாரும் பார்த்திருக்கவில்லை.

"அப்ப பாத்ததைப் போடும்" என்றார். பிறகு, "பிழை என்ரை. நான் பொங்கலைத் திண்டிட்டுத் திகதியைக் கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த நாள் விழா நடந்தது என்று பிறகு அறிந்தேன். யசோதா அபிக்குப் புதுச் சீருடை போட்டு, தலையில் காகிதக் கிரீடம் வைத்துக் கூட்டிவந்திருக்கிறாள். அதிபர் அவளைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கிறார். யசோதா நம்பவில்லை. "தைப்பூசத்துப் பிள்ளை ரீச்சர்! நீங்கள்தானே பொங்கல் வாங்கினனியள்!" என்று முற்றத்தில் நின்று கத்தியிருக்கிறாள். எட்டுப் பிள்ளைகளும் கொடியோடு வரிசையில் நிற்க, அதிபர் அபியின் கையைப் பிடித்து வகுப்புக்குள் கொண்டுபோய் முன் கதிரையில் இருத்தினார். வரவுப் பதிவேட்டில் மட்டும் எழுதவில்லை.

பெப்ரவரி முடிவில் தொகை எடுக்க ஒரு அதிகாரியோடு நானும் போனேன். அவர் நல்ல மனிதர், பாடசாலையை மூட விருப்பமில்லாதவர். வகுப்பறையில் இருந்த தலைகளை எண்ணினார்.

"ஒன்பது இருக்கே ரீச்சர்?"

"எட்டு ஐயா. ஒராள் கேட்டுக்கொண்டிருக்க வாறவ. பதிவிலை இல்லை."

"நானும் இருக்கிறன்" என்று முன் கதிரையில் இருந்து அபி கையை உயர்த்தினாள். பெரிய பிள்ளைகள் சிரித்தார்கள்.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "இப்ப அஞ்சு முடிஞ்சுதுதானே. ஒன்பது எண்டு எழுதட்டோ? ஆர் வந்து பாக்கப் போகினம்?"

அதிபர் வகுப்பறையின் ஒவ்வொரு கதிரையையும் பார்த்தார். கடைசியில் அபியைப் பார்த்தார்.

"எழுதலாம் ஐயா. பிறகு அந்தப் பிள்ளையின்ரை சான்றிதழ் ஒரு கதை சொல்லும், பள்ளிக்கூடத்துப் புத்தகம் இன்னொரு கதை சொல்லும். அவ ஓ.எல். சோதனை எழுதப் போகேக்கை நானும் இருக்க மாட்டன், நீங்களும் இருக்க மாட்டியள். ஆர் பதில் சொல்லுறது? அவதானே நிக்க வேணும்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மடிக்கணினியில் எட்டு என்று தட்டினேன். முதலாம் வகுப்பு என்ற கலத்தில் பூச்சியம்.

இரண்டாம் தவணைக்கு முன் பாடசாலை மூடப்பட்டது. கோப்புகளைப் பொறுப்பெடுக்க மறுபடியும் நானே போனேன். எட்டுப் பிள்ளைகளின் விடுகைப் பத்திரங்களையும் அவர் நேர்த்தியாக அடுக்கி வைத்திருந்தார். ஒன்பதாவதாக ஒரு வெள்ளைத் தாள். அதில் தன் கையால் எழுதியிருந்தார்: இந்தப் பிள்ளைக்கு ஐம்பது வரை எண்ணத் தெரியும், தன் பெயர் எழுதத் தெரியும், அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ளவும். "இது கோப்பிலை போடுற சாமான் இல்லை. யசோதாட்டைக் குடுத்து விடுறன்" என்றார். யசோதா அவரோடு கதைப்பதை நிறுத்தியிருந்தாள். அவர் தாளை அபியிடமே கொடுத்தார்.

அவரை வேலணைப் பக்கம் ஒரு பெரிய பாடசாலைக்கு மாற்றினார்கள். அந்த வருடம் செப்டெம்பரில் அங்கே ஒரு வேலையாகப் போனேன். முற்றம் நிறையப் பிள்ளைகள். அவர் ஒரு ஓரத்தில் குடையோடு நின்றார்.

"எப்பிடி ரீச்சர் இருக்கிறியள்?"

"நல்லா இருக்கிறன் பிள்ளை."

அவர் வாயில் இருந்து நான் கேட்ட முதலாவது வழமையான பதில் அது. அதற்குள் அவருடைய பார்வை கீழே இறங்கி, விரல்கள் அசையத் தொடங்கிவிட்டன. நான் இன்னும் அலுவலகத்தில்கூட ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

"எப்ப உமக்கு?"

"பெப்ரவரி நடுவிலை ரீச்சர்."

விரல்கள் நின்றன. பிறகு சிரித்தார். அந்த வருடத்தில் அவர் சிரித்துக் கண்டது அன்றுதான். "அப்ப ஒரு வருசம் கூட வீட்டிலை நிக்கும். நிக்கட்டும். அம்மாவோட ஒரு வருசம் கூட எண்டால் என்ன நட்டம்?"

நவம்பரில் என் பிள்ளை தவறிப்போனது. ஆறாவது மாதம். ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் நிரப்பினார்கள். அதில் பெயர் எழுத இடம் இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஆறுதல் சொன்னார்கள். அவர் வரவில்லை. தொலைபேசியில் எடுத்தார். "சாப்பிட்டனீரோ?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். சாப்பிட்டு முடியும்வரை தொலைபேசியை வைக்கவில்லை.

பிறகு ஓய்வு பெற்று இறுப்பிட்டிக்குப் போனார். சலரோகம், காலில் ஆறாத புண். போன வருடம் இறந்துபோனார். எட்டாம் நாள் செலவுக்கு வீட்டுக்குப் போனபோது அவருடைய தம்பியார் உள்ளே போய் ஒரு பழைய சி.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து தந்தார்.

"அக்கா இதை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவ. கொம்பியூட்டரிலை ஏத்துவியளாம்."

பஸ்ஸில் வரும்போது விரித்தேன். பாடசாலை மூடிய பிறகும் பக்கங்கள் நிரம்பியிருந்தன. ஊரில் இருந்து யாரோ தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார். அபியின் பெயர் ஒரு பக்கத்தில் மெல்லிய கோட்டோடும் "7 நாள்" என்ற குறிப்போடும் இருந்தது. அடுத்த பக்கத்தில் மறுபடி எழுதி, அவள் மற்றப் பாடசாலையில் சேர்ந்த திகதியையும் போட்டிருந்தார்.

மேலும் ஆறு பக்கங்களைப் புரட்டினேன். அந்தப் பக்கத்தில் நெடுந்தீவுப் பிள்ளைகள் இரண்டு பேர். இரண்டுக்கும் குறுக்கே கோடு. அதற்குக் கீழே ஒரு நிரை. பெயர்: கொம்பியூட்டர் பிள்ளையின்ரை பிள்ளை. வீடு: சரவணை. மாதம்: பெப்ரவரி. நான்காவது நிரல் வெறுமை. வெட்டப்படவில்லை.

கொப்பியைக் கணினியில் ஏற்றும் வேலையை அந்த வாரமே தொடங்கினேன். பிறப்புச் சான்றிதழ் இலக்கம் இல்லாமல் அட்டவணை எந்த நிரையையும் ஏற்காது. அந்தச் சூத்திரமும் நான் எழுதியதுதான். அந்தப் பக்கம் வந்தபோது நிறுத்திவிட்டேன். கொப்பி இப்போது என் மேசை லாச்சியில் இருக்கிறது.

அபி இப்போது ஆறாம் வகுப்பு. தாளை இன்னும் வைத்திருக்கிறாளோ தெரியாது.

கொப்பியில் நான் நிறுத்திய அந்தப் பக்கத்துக்குரிய ஆண்டு வருகிற ஜனவரியில் தொடங்குகிறது. அதற்கான விண்ணப்பங்கள் போன கிழமை முடிந்தன. சரவணைப் பக்கத்துப் பாடசாலைகளின் பட்டியலை நானே சரிபார்த்தேன். ஒவ்வொரு சான்றிதழையும் எடுத்து, திகதியைத் தட்டி, நிறம் பார்த்து, அடுத்ததற்குப் போனேன். இரண்டு கலங்கள் சிவந்தன. அந்த இரண்டு தாய்மாருக்கும் நானே தொலைபேசியில் சொன்னேன்.

பின்னேரம் பக்கத்து மேசை அக்கா பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"முடிஞ்சுதோ? உம்மடை ஊர்ப் பக்கம் எத்தினை வருது?"

"நாப்பத்திரண்டு" என்றேன்.

அவர் குனிந்து என் திரையைப் பார்த்தார். "இதிலை நாப்பத்தொண்டு எண்டெல்லோ நிக்குது?"

"ஓம் அக்கா" என்றேன். "நாப்பத்தொண்டுதான்."